சிக் ரூமுக்கு ஒரு நோயாளி

ஆமாம் கண்ணு, நீ உன் மாடியிலிருந்து பார்த்தது சரிதான். அன்றைக்கு நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் படி இறக்கிக் கொண்டுவந்தது எங்கள் தீதியைத்தான். புதுப் புடவை, படிய வாரிய தலை, முகத்தில் பவுடர் வேறு. அதைப் பார்த்துவிட்டு உன் வீட்டுக்காரர், "பக்கத்து முதியோர் இல்லத்துல யாருக்கோ சதாபிஷேகம் போல" என்றாராமே! நல்ல மனுஷர். போய்ச் சொல்லு, சதாபிஷேகமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. எங்கள் இல்லத்துக்கு லைசன்ஸ் புதுப்பிக்க ஆபீசர் பார்வையிட வந்த நாள் அது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிற மாதிரிதான். பெண்ணுக்கு மட்டும் வயது எழுபத்தொன்பது, இடுப்பெலும்பு உடைந்து கம்பி வைத்தது.

இந்த நடுச் சுவர் ஓரமாக வந்து நில்லு, இங்கே நிழல் இருக்கிறது. அடுப்பில் ஒன்றும் இல்லையே? சரி.

தீதி யாரென்று உனக்குத் தெரியாது. நீ குடிவந்தது அதற்கு முந்தின வாரம்தானே. இங்கே கொல்கத்தாவில் தீதி என்றால் அக்கா. ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருந்த ஒரு தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த இல்லத்தை விட்டால் அவருக்கு வேறு வாசல் கிடையாது. என் கதை வேறு. எனக்குப் பெங்களூரில் மகன் இருக்கிறான், பேத்தி இருக்கிறாள், மாதம் ஒரு தடவை "வந்துடும்மா" என்பான். நான்தான் போகவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊர். அங்கே போனால் நான் யாரோடு வங்காளத்தில் சண்டை போடுவேன்?

எனக்கும் தீதிக்கும் இரண்டாவது மாடியில் ஒரே அறை. அவருக்குத் தெரியாத எழுத்து இல்லை, எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுகூட இல்லை. அதனால் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம். அவர் பேப்பர் படிப்பார், நான் கேட்டுவிட்டுத் திட்டுவேன்.

போன மழைக்காலத்தில் படியில் சறுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கூட இருந்தவள் நான்தான். அங்கே டாக்டர் எங்கள் மேனேஜர் பாபுவிடம் என் காதுபடச் சொன்னார், "தினம் ரெண்டு வேளை நடக்க வைக்கணும். படுக்கையிலேயே விட்டீங்கன்னா அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டாங்க" என்று. மேனேஜர் பாபு தலையை அப்படி ஆட்டினார், கழுத்து கழன்றுவிடுமோ என்று நான் பயந்தேன். ஆட்டிவிட்டு, தீதியை நேராகக் கொண்டுவந்து இரண்டாவது மாடியில் கிடத்திவிட்டார்.

எங்கள் அறையில் இரண்டு கட்டிலுக்கு நடுவில் பூனைகூட உடம்பைச் சுருக்கிக்கொண்டுதான் போகும். எங்கே நடப்பது? கீழே இறக்குங்கள் என்றால், "இறக்கணும்னா நாலு ஆள் வேணும் மாஷிமா, எனக்கு ஏது நாலு ஆள்?" என்பார். மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. இங்கே எல்லோருக்கும் நான் மாட்ராஜி மாஷிமாதான். நான் சேலத்துக்காரி, மெட்ராஸை ரயிலில் கடந்து போனதோடு சரி என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நானே ஒரு நாள் தீதியைத் தூக்கி நிறுத்தப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து சரிந்து கட்டிலில் விழுந்தோம். நல்லவேளை, கட்டில். அதற்குப் பிறகு ஆயா விடவில்லை. இப்படியே எட்டு மாதம். துர்கா பூஜைக்கு மேளச் சத்தத்தைப் படுத்துக்கொண்டே கேட்டார். கால் இரண்டும் முருங்கைக்காய் மாதிரி ஆகிவிட்டது. முதலில் தினமும், "என்னைக் கீழே எப்ப கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்பார். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு கேட்பதே இல்லை. வாய் ஓயாத டீச்சரம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இதற்கு நடுவில் கீழே முன்பக்கத்தில் ஒரு அறை இருக்கிறது பார், இதோ இந்த ஜன்னல்தான். தெற்குப் பார்த்தது. கொல்கத்தாக்காரனுக்குத் தெற்கு ஜன்னல் என்றால் தங்கச் சங்கிலி மாதிரி. எதிரிலேயே வராந்தா, படி கிடையாது, தடுக்க ஒன்றும் கிடையாது. அந்த அறையில் யார் இருந்தார்கள் தெரியுமா? மேனேஜர் பாபுவின் டிவி. ஒரு சோபா. ஃபுட்பால் மேட்ச் நாட்களில் அவருடைய சிநேகிதர்கள் ஆறு பேர். கோல் விழுந்தால் எங்கள் கட்டில் அதிரும்.

"அங்க ஒரு கட்டில் போடுங்களேன் பாபு" என்று கேட்டேன்.

"ரூல் இல்ல மாஷிமா. கீழ்த்தளம் ஆபீஸ் யூஸுக்கு மட்டும்."

ரூல் என்றவுடன் நான் வாயை மூடிக்கொண்டேன். படிக்காதவளுக்கு ரூல் என்பது சாமி மாதிரி. பார்த்ததில்லை, இருக்கும் என்று நம்புவது.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது. இன்ன தேதிக்கு, இத்தனை மணிக்கு, லைசன்ஸ் ஆபீஸிலிருந்து பார்வையிட வருகிறோம் என்று பத்து நாள் முன்னாலேயே எழுதியிருந்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. திருட வருகிறவன் சொல்லாமல் வருகிறான். திருட்டைப் பார்க்க வருகிறவர்கள் கடிதம் போட்டு, தேதி குறித்துவிட்டு வருகிறார்கள்.

எனக்கு இது புதிது இல்லை கண்ணு. என் வீட்டுக்காரர் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் ஃபிட்டர். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பெரிய ஆபீசர் வருகிறார் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பிருந்து மரத்துக்கெல்லாம் இடுப்பு உயரத்துக்கு வெள்ளையும் காவியும் அடிப்பார்கள். அதிலும் தண்டவாளத்தைப் பார்த்த பக்கம் மட்டும்தான். பின்பக்கம் மரம் மரமாகவே நிற்கும். ஒரு தடவை எங்கள் ஆடு ஈரச் சுண்ணாம்பில் உரசிவிட்டு ஒரு பக்கம் வெள்ளையாகத் திரிந்தது. ஆபீசர் வந்த வண்டி நிற்காமலே போய்விட்டது. "ஆடுதான் மிச்சம்" என்றார் என் வீட்டுக்காரர். சரி, அதை விடு.

இங்கே பத்து நாளும் திருவிழாதான். சமையலறைக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. அதற்குப் பின்னால் வெங்காய மூட்டை அடுக்கியிருந்ததால் அது கதவு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பச்சை அம்பு ஒட்டினார்கள். தீப்பிடித்தால் அந்த வழியாக ஓட வேண்டுமாம். சுவரில் சிவப்பு சிலிண்டர் தொங்கவிட்டார்கள். கரியாஹாட் கடைத்தெருவிலிருந்து பூப்போட்ட ஜன்னல் துணி வந்தது, பெட்ஷீட் வந்தது. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு மணி பொத்தான் வைத்தார்கள். நான் என் கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். வயர் சுவர் ஓரமாக இறங்கி, கட்டில் காலுக்குப் பின்னால் வந்து, அங்கேயே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. மறுமுனை எங்கும் போகவில்லை. "இதை யாரும் அமுக்கக் கூடாது" என்று ஆயா ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒட்டினார்கள். தீதி படித்துக் காட்டினார். திங்கள் காய்கறி சூப், ரூயி மீன். செவ்வாய் கோழி. புதன் பனீர். வியாழன் பழம். அவர் படிக்கப் படிக்க நான் என் தட்டிலிருந்த பப்பாளிக்காயை விழுங்கிக்கொண்டிருந்தேன். மீனும் போடுவார்கள், பொய் சொல்லக் கூடாது. அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்தால் அதன் வழியாகப் பேப்பர் படிக்கலாம் என்று தீதி சொல்வார். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

அதே வாரம் மேனேஜர் பாபு ஒரு தாளும் மைப் பெட்டியும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாஷிமா, கட்டைவிரலை ஒரு தடவை வையுங்க."

"எதுக்கு பாபு?"

"கேஸ் கனெக்‌ஷனுக்கு."

"கேஸுக்கு எதுக்குக் கிழவி கட்டைவிரல்?"

"புது ரூல்."

மறுபடியும் சாமி. வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் வராந்தாவில் நின்று முதலாளியிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். கேட்டது. சத்தியமாக ஒட்டுக் கேட்கவில்லை, அவர் குரல் அப்படி. "நடக்க முடியாதவங்களைக் கீழ்த்தளத்துலதான் வைக்கணுமாம் சார், ரூல்ல இருக்கு. சிக் ரூம் காட்டணும். என் ரூமைத்தான் மாத்தணும்."

கண்ணு, என் கையிலிருந்த பட்டாணியெல்லாம் கொட்டிவிட்டது. ரூல் இருந்திருக்கிறது! தீதியைக் கீழே விடக் கூடாது என்று இல்லை, கீழேதான் வைக்க வேண்டும் என்று!

நேராகப் போய்ச் சண்டை போடலாம் என்றுதான் எழுந்தேன். பிறகு யோசித்தேன். சண்டை போட்டால் ஆபீசர் வருகிற அன்றைக்கு என்னை எங்கேயாவது கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிடுவார். பட்டாணியைப் பொறுக்கிக்கொண்டு மேலே போய்விட்டேன்.

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் சோபா போனது, டிவி போனது, கட்டில் வந்தது. வாடகைக்கு ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், ஒரு மறைப்புத் துணி, ரத்த அழுத்தம் பார்க்கிற பெட்டி எல்லாம் வந்தன. வெளிச் சுவரில் ஒரு டாக்டர் பெயர் தொங்குகிறதே, அந்த டாக்டரும் வந்தார். பெயரை மட்டும் நான் ஐந்து வருஷமாகக் கும்பிட்டிருக்கிறேன், ஆளைப் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பாத்ரூம் எந்தப் பக்கம் மாஷிமா?" என்பது.

எல்லாம் அமைந்தது. மேனேஜர் பாபு வாசலில் நின்று அறையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். புதுப் பெட்ஷீட் சுருக்கமில்லாமல் பளபளத்தது. காலி சிக் ரூம் பார்த்தவுடனே காட்டிக்கொடுத்துவிடும். நோயாளி வேண்டும். நடக்கிறவர்களைப் படுக்கச் சொன்னால் படுப்பார்களா? முதல் மாடியில் நடக்க முடியாத தாதா ஒருவர் இருக்கிறார், பெரியவர். ரவுடி என்று நினைக்காதே, இங்கே தாதா என்றால் அண்ணன். அவர் ஆளைப் பார்த்தால் கெட்ட வார்த்தையில் பாட ஆரம்பித்துவிடுவார். ஆக மிச்சம், சுத்தமாக, அமைதியாக, ஆபரேஷன் சீட்டோடு இருக்கிற ஒரே ஆள் தீதி.

எட்டு மாதமாகக் கிடைக்காத நான்கு ஆள் ஒரே காலையில் கிடைத்தார்கள். அதைத்தான் நீ பார்த்தாய்.

கட்டிலில் படுக்க வைத்து ஆயா ஜன்னலைத் திறந்தாள். பாகுன் மாதம், நம் மாசி, தெற்குக் காற்று அப்போதுதான் கிளம்பியிருந்தது. துணி எழும்பி அவர் முகத்தில் பட்டது. தீதி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கேட்டார், "இன்னைக்கு மட்டுமா?"

"சாயங்காலம் பத்திரமா மேல கொண்டுபோய் விட்டுடுவோம் தீதி" என்றார் மேனேஜர் பாபு. "அதுவரைக்கும் கொஞ்சம் நோயாளி மாதிரி படுத்திருங்க."

"நான் நோயாளிதானே" என்றார் தீதி.

பேச்செல்லாம் வங்காளத்தில்தான் நடந்தது, உனக்காகத் தமிழில் சொல்கிறேன். நான் தீதியின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மேனேஜர் பாபு கண்ணால் வெளியே போ என்றார். எனக்குக் கண் பாஷையும் படிக்கத் தெரியாது.

ஆபீசர் ஒரு பொம்பிளை. காட்டன் புடவை, தோளில் துணிப்பை, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். கூட ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரு கிளார்க். சந்தேஷ் இனிப்புத் தட்டை நீட்டினார்கள், தொடவில்லை. அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நேராக வந்து, யாரும் அமுக்கக் கூடாத பொத்தானை அமுக்கினார். சத்தமே இல்லை.

"கரண்ட் இல்ல மேடம்" என்றார் மேனேஜர் பாபு.

மேடம் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. எதையோ எழுதிக்கொண்டார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இங்கே தங்கியிருப்பவர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்கள் என்று ஒரு கட்டைப் பிரித்தார். ஒன்றை எடுத்து, "இது யாரு?" என்று பெயரைப் படித்தார். என் பெயர்!

"நான்தாம்மா."

"இங்கிலீஷ்ல எழுதியிருக்கீங்க."

"அப்படியா?"

அவர் வங்காளத்தில் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த இல்லத்தின் நூலகத்தில் தினமும் ஆங்கிலச் செய்தித்தாள் வாசிப்பது என் முதுமைக்குப் பெரும் ஆறுதலாக இருக்கிறதாம். சத்தான, சமச்சீரான உணவாம். நான் ஏதோ ஜட்ஜ் பெண்டாட்டி மாதிரி எழுதியிருந்தேன்.

"ஐயோ, எவ்வளவு நல்லா எழுதியிருக்கேன்! இன்னும் படிங்கம்மா" என்றேன்.

"நீங்க எழுதினதா இது?"

"கட்டைவிரல் என்னுதுதான். மத்ததையெல்லாம் அந்த விரலே எழுதியிருக்கும்போல."

கிளார்க் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். மேனேஜர் பாபுவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மேடம் அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, நோயாளி ரெஜிஸ்டரைக் கேட்டார்.

"இவங்க எத்தனை நாளா இந்த ரூம்ல இருக்காங்க?"

"ஆபரேஷன் ஆனதிலேர்ந்து மேடம். எட்டு மாசம். இங்கேயேதான்" என்றார் மேனேஜர் பாபு. "ரெஜிஸ்டர்ல எல்லாம் இருக்கு பாருங்க."

மேடம் பக்கத்தைத் திருப்பித் திருப்பிச் சத்தமாகவே படித்தார். காலை பத்தரை மணிக்கு வராந்தாவில் நடைப்பயிற்சி. மாலை ஐந்து மணிக்கு மறுபடியும். வாரம் ஒரு தடவை டாக்டர். தினமும் ஒரு முட்டை. எட்டு மாதமும் விடாமல், ஒரே பேனா, ஒரே கையெழுத்து.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. எங்கள் தீதிக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்தப் புஸ்தகத்தில் நடந்து முடிந்திருந்தது. புஸ்தகத்தில் இருந்த தீதி முட்டை சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார், கட்டிலில் இருந்தவருக்குத்தான் கால் வற்றிப்போயிருந்தது. பொய் என்று கத்த வாயைத் திறந்தேன்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். கத்தினால் என்ன ஆகும்? லைசன்ஸ் போகும். இல்லத்தைப் பூட்டுவார்கள். என்னை என் மகன் வந்து அழைத்துக்கொண்டு போவான். தீதியை?

அப்போது என் ரயில்வே பாஸ் ஞாபகம் வந்தது கண்ணு. கல்யாணமான புதிதில் பாஸ் எழுதின கிளார்க் என் வயதை ஐந்து வருஷம் கூட்டி எழுதிவிட்டான். என் வீட்டுக்காரர் நடையாக நடந்தார். "எழுதினது எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் எல்லாத் தாளிலும் நான் அந்த வயதுதான். ஆபீஸில் எழுதிவிட்டால் ஆள்தான் அதற்குத் தக்கபடி மாற வேண்டும், எழுத்து மாறாது. எனக்கு எழுத்தைப் பற்றித் தெரிந்தது அது ஒன்றுதான்.

"ஆமாம்மா" என்றேன். "எழுதிக்கோங்க. கட்டில் நம்பர், இவங்க பேரு, எல்லாம் எழுதிக்கோங்க. தினம் ரெண்டு வேளை நடக்க வைக்கிறாங்க. இந்த ஜன்னலைத் திறந்தே வைக்கிறாங்க. முட்டையோட சாயங்காலம் பாலும் குடுக்கிறாங்க, அதை விட்டுட்டாங்க பாருங்க, அதையும் சேர்த்துக்கோங்க. இல்ல பாபு?"

மேனேஜர் பாபு என்னைப் பார்த்தார். முதலில் நன்றியாகத்தான் பார்த்தார், பாவம். பிறகுதான் மெதுவாக உறைத்தது. ஆனால் தலை ஏற்கெனவே ஆட ஆரம்பித்திருந்தது. "ஆ... ஆமா மேடம். பாலும் உண்டு."

மேடம் பேனாவை நிறுத்தினார். என்னைக் கேட்கவில்லை, தீதியிடம் குனிந்தார். "நீங்க சொல்லுங்க. இதுல எழுதியிருக்கிறது சரியா?"

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று முட்டி போட வைத்த டீச்சர் அவர். அறையில் நான் சும்மா ஒரு பொய் சொன்னால்கூடத் திருத்துவார். ஜன்னலைப் பார்த்தார். ரெஜிஸ்டரைக் கையில் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் முழுதும் நிதானமாகப் படித்தார்.

"பாடம் நல்லா எழுதியிருக்காங்க" என்றார். "எழுத்துப் பிழைகூட இல்ல. இனிமே ஒப்பிக்கச் சொல்லுங்க."

மேடம் சிரிக்கவில்லை. உதட்டோரம் மட்டும் கொஞ்சம் அசைந்தது. அப்புறம் நிறைய நேரம் எழுதினார். எழுந்து மேனேஜர் பாபுவிடம், "லைசன்ஸ் ஆறு மாசத்துக்கு மட்டும்தான் சிபாரிசு பண்றேன். மணி அடிக்கணும். அந்தப் பின் கதவு திறக்கணும். இந்த நோயாளியை இந்த ரூமை விட்டு மாத்தினா ஆபீஸுக்கு எழுத்துல காரணம் சொல்லணும். அடுத்த தடவை லெட்டர் போட மாட்டேன். நான் வர்றப்ப இவங்க நடந்துட்டு இருக்கணும்" என்றார். முதல் தடவையாக ஒரு ரூல் எனக்குக் காதில் தேனாக விழுந்தது.

இதோடு முடிந்தது என்று நினைக்கிறாயா? சாயங்காலம் அந்த நான்கு பேரும் நாற்காலியோடு வந்து நின்றார்கள். பின்னால் ஒருவன் டிவியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்! நான் வாசலில் ஸ்டூலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன்.

"எட்டு மாசமா இந்த ரூம்ல இருக்கிற நோயாளியை எங்கய்யா தூக்கிட்டுப் போறீங்க?"

"மாஷிமா, வழி விடுங்க. அது ஆபீசருக்காகச் சொன்னது" என்றார் மேனேஜர் பாபு.

"அப்போ ஆபீசருக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கலாம். கார்டு குடுத்துட்டுப் போயிருக்காங்க." இடுப்பிலிருந்து ஒரு கார்டை உருவி நீட்டினேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். "இது கரியாஹாட்டுல ஜன்னல் துணி வாங்கின கடையோட கார்டு."

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் இங்கிலீஷ் பேப்பர் மட்டும் படிக்க வருமே!"

டிவி தூக்கியிருந்தவன் சிரித்து டிவியையே நழுவவிட்டிருப்பான். உள்ளேயிருந்து தீதி, "பாபு, அஞ்சு மணி ஆச்சே. ரெஜிஸ்டர்ல இப்ப நடைன்னு போட்டிருக்கு" என்றார். கிளாஸில் கூப்பிடுகிற குரல். அந்தக் குரலை நான் எட்டு மாதமாகக் கேட்கவில்லை. மேனேஜர் பாபு டிவியை மேலே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

இப்போது டிவி இரண்டாவது மாடியில் மாடிப்படித் திருப்பத்தில் இருக்கிறது. மேட்ச் பார்க்க அவர் மூட்டு வலியோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறார். உடம்புக்கு நல்லதுதானே. அந்த டாக்டர் வாரம் ஒரு தடவை வருகிறார், பாத்ரூமுக்கு வழி கேட்பதில்லை. மணி அடிக்கிறது. ஒரு நாள் சும்மா அமுக்கிப் பார்த்தேன், ஆயா திட்டிவிட்டுப் போனாள். முட்டை வருகிறது. பால் பாதி நாள் வருகிறது. தீதி முதல் வாரம் நின்றார், அவ்வளவுதான், நின்று அழுதார். இப்போது இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் வராந்தாவின் மூன்றாவது தூண் வரைக்கும் போகிறார். நான்காவது தூணைத் தொடாமல் சாகமாட்டேன் என்கிறார். தொட்ட பிறகும் சாகாதீர்கள், அடுத்த லைசன்ஸுக்கு ஆள் வேண்டும் என்றேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். முதல் மாடியில் அந்தப் பாட்டுப் பாடுகிற தாதா இன்னும் படுத்துத்தான் கிடக்கிறார். சிக் ரூமில் ஒரு கட்டில்தானே. ஆபீசர் மேடம் அவர் அறையையும் பார்த்தார். அன்றைக்கு அவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்துச் சட்டை மாட்டி நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். நன்றாக இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். பொத்தானை அமுக்கிப் பார்த்த அம்மா அந்த மனுஷரின் தோளைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். நான் மேனேஜர் பாபுவிடம் இப்போதே விதை போட்டு வைத்திருக்கிறேன். "ஒத்தைக் கட்டில் சிக் ரூம் நாடகம் மாதிரி தெரியுது பாபு, ரெண்டு கட்டில் போட்டாத்தான் நிஜம் மாதிரி இருக்கும்" என்றேன். யோசிக்கிறார். அவர் இப்போது கடிதம் இல்லாமல் வரப்போகிற அந்த அம்மாவுக்குப் பயந்து தெருவில் காட்டன் புடவை போனாலே எழுந்து நிற்கிறார். நீ உன் காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு ஃபைலோடு இந்தப் பக்கம் இரண்டு தடவை நட கண்ணு, புண்ணியமாகப் போகும்.

என்ன, மணி பத்தேகாலா? ரெஜிஸ்டர்படி பத்தரைக்குத் தீதிக்கு நடையாச்சே! அடிப் பாவி, ஆயா வராந்தாவைக் கழுவிவிட்டு அப்படியே போய்விட்டாள் பார், குளம் மாதிரி நிற்கிறது தண்ணீர். தீதி கட்டிலை விட்டுக் காலை இறக்கியிருப்பார், ஒரு நிமிஷம் தாங்கமாட்டார். நீ போய் உன் வேலையைப் பார், உன் பக்கம் சாய்ந்திருக்கிற அந்தத் துடைப்பானை மட்டும் சுவருக்கு மேலே எட்டிக் கொடுத்துவிட்டுப் போ, ஆமாம், அதுதான். தீதி, இருங்க, எழுந்திரிக்காதீங்க, துடைச்சிட்டு வந்துடறேன்!